இவாஞ்சலின் பார்த்த கரை

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளில் பாதியைக் கடலுக்குக் கொடுத்தவள் இவாஞ்சலின். அதுவும் இப்போது இருக்கிற கடல் இல்லை. ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் நிலத்துக்குள் ஏறிவந்து, பிறகு வடிந்துபோன கடல். ஏலக்காய்க்கார ஸ்டீவன் மகள் என்ன படித்திருக்கிறாள் என்று எங்கள் தெருவில் கேட்டால் ‘கல்லுப் படிப்பு’ என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

என் பெயர் சொர்ணலதா. போடி கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. கூட இருந்து பார்த்ததையும் அவள் வாயால் கேட்டதையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

திருச்சியில் கல்லூரியில் சேரப்போனபோது அவள் கேட்டது கெமிஸ்ட்ரி. கிடைத்தது ஜியாலஜி. ஒரு வருடம் ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சேர்ந்தாள். அந்த வருடமே மாணவர்களை அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். அன்று சாயங்காலம் எனக்கு போன் வந்தது.

“ஏடி சொர்ணா, இங்கன சோளக்காட்டுக்குள்ள சிப்பி கெடக்குதுடி! காலு வைக்கிற எடமெல்லாம் சிப்பி. கடலு எங்கயோ இருக்கு, சிப்பி இங்கன இருக்கு.”

“அள்ளிட்டு வா, மாலை கோப்போம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கெமிஸ்ட்ரிக்கு மாறவும் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் அவள் படிப்புக்கு வேலையே கிடையாது. போடிமெட்டு மலையானாலும் பொட்டிப்புரத்துக் குன்றானாலும் எல்லாம் பூமிக்கு அடியில் வெந்து இறுகிய பாறை. கடல் படிய வைத்த அடுக்கு ஒன்றுகூட இங்கே இல்லை. அதனால் படிப்பு முடிந்தும் அவள் திருச்சியிலேயே இருந்தாள். ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை வேலை. கூடவே ஆராய்ச்சி. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஒரு சுரங்கத்துக்கு அருகே அவளுடைய வழிகாட்டி சுந்தரலிங்கம் ஒரு திட்டத்தில் இரண்டு ஆழ்துளைகள் போட்டிருந்தார். துளையிலிருந்து பாறையை உருளை உருளையாக, உடையாமல், மேலிருந்து அடிவரை எடுத்து மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அவற்றைக் கோர் என்பார்கள். அந்தக் கோர்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி.

திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, பெட்டிகள் இருந்த ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். எடுக்க ஆள் இல்லையென்றால் பள்ளத்தில் கொட்டி நிரவிவிடுவதாக முடிவு. இவாஞ்சலின் ஒரு லாரி பிடித்து எல்லாவற்றையும் போடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். லாரி வந்து நின்றபோது அவள் அப்பா கோடவுன் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் இருந்தேன்.

“ஏத்தா, ஏலக்கா வைக்கிற எடத்துல கல்லையா எறக்கச் சொல்ற?”

“ரெண்டு வருசம்ப்பா. முடிச்சிட்டு எடுத்துருவேன்.”

“எல்லாரு வீட்டுலயும் பிள்ளைக நகை கேக்கும், வீடு கேக்கும். எம்பிள்ள கோடவுன்ல பாதியக் கேக்குது” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொன்னார். பெட்டிகளை இறக்க அவரும் ஒரு கை கொடுத்தார். அறுபது வயதில் அப்படித் தூக்கியிருக்கக் கூடாது. யார் சொல்லியும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அவள் எனக்கு அந்தப் பெட்டிகளைத் திறந்து காட்டினாள். ஏலக்காய் வாசனைக்கு நடுவே, சாம்பல் நிற உருளைகள். எனக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

“இது நைசா இருக்கா? களி. தண்ணி ஆழமா, ஆடாம அசையாம இருந்தாத்தான் இவ்வளவு நைசான மண்ணு வந்து படியும். அப்படின்னா அப்ப இந்த எடத்துல கடல் ஆழம். இப்ப இதத் தொடு. நறநறன்னு இருக்குல்ல? மணலு. அலையடிக்கிற எடம். கரை பக்கத்துல வந்துருச்சு. இதுல பாரு, சிப்பியும் கூழாங்கல்லும் கலந்து கெடக்கு. கரையே இதுதான். களிக்கு மேல மணலு, மணலுக்கு மேல கூழாங்கல்லுன்னு வந்தா கடல் பின்வாங்கிப் போகுதுன்னு அர்த்தம். தலைகீழா வந்தா உள்ள ஏறுதுன்னு அர்த்தம்.”

“எத்தன தடவ ஏறிச்சு?”

“அதைத்தான்டி எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

பெட்டிகளை அவள் துளையில் இருந்த வரிசைப்படியே அடுக்கினாள். ஆழத்தில் கிடைத்தது அடியில், மேலே கிடைத்தது மேலே. தேட வசதி என்றாள். கனமான களிமண் பெட்டிகள் தரையை ஒட்டி இரண்டு வரிசை, அதற்கு மேல் மணற்கல்லும் சிப்பிக்கல்லும்.

விடுமுறைக்கு விடுமுறை வந்து வேலை செய்தாள். பிறகு ஒரு சித்திரை மாதம் ஸ்டீவன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அவள் அம்மா இறந்து பல வருடம். அக்கா ஜாய்ஸ் கனடாவில் நர்ஸ், இரண்டு குழந்தைகள். இவாஞ்சலின் திருச்சி வேலையை விட்டுவிட்டு வந்தாள். வியாபாரம் மெல்ல நின்றது. கோடவுனில் ஏலக்காய் குறைந்து, கடைசியில் பெட்டிகள் மட்டும் மிஞ்சின.

அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மதியம் அவர் தூங்கும்போது கோடவுனுக்குப் போவாள். இரண்டு தெரு தள்ளி, ஓடையை ஒட்டி இருந்தது. அப்படி ஒரு மதியம்தான் என் கடைக்கு ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சாம்பல் தூசி. கடையில் ஆள் நிற்கிறதென்றுகூடப் பார்க்கவில்லை.

“வாடி. இப்பவே வா.”

அடிப்பெட்டி ஒன்றை வெளியே இழுத்து வைத்திருந்தாள். ஆழ்கடல் களிக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை. அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் போய்ச் செம்மண் திட்டுகள். சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கட்டிகள். நடுவில் மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள், கீழே போகப்போகக் கிளை பிரிந்து மெலிந்தன.

“வேருடி” என்றாள். “இதுக்குக் கீழயும் கடல், மேலயும் கடல். நடுவுல இது மட்டும் தரை. கடல் சுத்தமா வடிஞ்சு, சேறு காஞ்சு மண்ணாகி, செடி மொளைச்சிருக்கு. அப்புறம் திரும்ப வந்து மூடியிருக்கு. இத்தன வருசமா எல்லாரும் அந்தக் காலத்துல கடல் அந்த எடத்த விட்டுப் போகவே இல்லன்னு எழுதிட்டு இருக்காக.”

“போனா என்ன, போகலைன்னா என்ன?” என்று கேட்டேன். அவளைச் சீண்டக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவள் கோபப்படாமல் சொன்னாள். கடல் இறங்குவதற்குப் பொதுவாகச் சொல்கிற காரணம் பனி. தண்ணீர் துருவத்தில் பனியாக உறைந்தால் உலகம் முழுக்கக் கடல் மட்டம் குறையும். ஆனால் அந்தக் காலத்தில் பூமி அவ்வளவு சூடு. துருவத்தில் பனியே இல்லை என்று நினைக்கிறார்கள். வேறு நாடுகளில் சில அடுக்குகளில் அதே காலத்தில் கடல் இறங்கின அடையாளம் உண்டு. நம் பக்கத்திலும் அது இருந்தால், ஏதோ ஒரு கரை மட்டும் உயர்ந்ததால் வந்தது என்று ஒதுக்க முடியாது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று எல்லாரும் யோசித்தாக வேண்டும்.

“எங்கடி போச்சு?”

“தெரியாது. அதான் நல்லாருக்கு” என்று சிரித்தாள். அப்பா விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சுந்தரலிங்கம் சாரிடம் போனில் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார், கூடவே எச்சரித்தார். கடல் தரையில் புழுவும் இறாலும் வளை தோண்டும்; அந்த வளைகளும் இப்படிக் கறுப்புக் கோடாக நிற்கும். வேரா வளையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காகிதம் போல மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். இருந்தபடியே நாலைந்து படம் போனில் எடுத்துக்கொண்டு, ஒரு துண்டை அனுப்பினாள். அறுக்கும்போதே அது பொடிந்துவிட்டது. பிசினை ஊற்றி இறுக வைத்துப் பிறகு அறுக்கிற வசதி வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தது. தீபாவளி கழித்துப் பெட்டியோடு கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாவது துளையிலும் அதே பட்டை இருந்தது. அதைத் தொட்டால் உதிரும் என்று, அடி வரிசையில் இருந்த இடத்திலேயே அசைக்காமல் விட்டுவைத்தாள்.

தீபாவளிக்கு முன்பே மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவள் அங்கே இருந்தபோதுதான் மலையில் அந்த மழை பிடித்தது. குரங்கணிப் பக்கம் ராவெல்லாம் கொட்டியிருக்கிறது. விடிந்தபோது கொட்டகுடி ஆறு இரு கரையும் நிறைந்து ஓடியது. ஆற்றில் இறங்க வழியில்லாமல் ஓடைத் தண்ணீர் தெருவுக்குள் திரும்பியது. எங்கள் கடை மேட்டில் இருந்ததால் தப்பியது. எனக்குக் கோடவுன் ஞாபகம் வந்தபோது அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். போக முடியவில்லை. அவளுக்கு போன் செய்தேன்.

“தண்ணி உள்ள போயிருக்குமா?” என்றாள்.

“தெரியலடி. ஷட்டர் மூடித்தான் கெடக்கு.”

“ஷட்டர் எங்க தடுக்கும்” என்றாள் மெதுவாக.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வடிந்தது. ஸ்டீவன் மாமாவிடம் இருபது வருடம் ஏலக்காய் தரம் பிரித்த சங்கிலியம்மாள் அக்காவும் நானும் ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே முட்டிவரை சேறு. கொஞ்ச நேரத்தில் இவாஞ்சலினும் வந்து சேர்ந்தாள். மேலே இருந்த பெட்டிகள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் சங்கிலியம்மாள் அக்காவுக்கு மூச்சு வந்தது.

“கல்லுதான ஆத்தா, கழுவி வச்சா போச்சு. ஏலக்காயின்னா மொத்தமும் போயிருக்கும்.”

இவாஞ்சலின் மேல் பெட்டிகளை ஒவ்வொன்றாக எங்களிடம் எடுத்துக் கொடுத்தாள். அடி வரிசை வந்ததும் குனிந்து ஒரு பெட்டிக்குள் கையை விட்டாள். கை முழங்கைவரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது விரல் இடுக்குகளில் சாம்பல் நிறக் குழம்பு வழிந்தது. அடுத்த பெட்டியில் விட்டாள். அங்கேயும் அதுதான்.

“கல்லுன்னுல்ல சொன்ன?” என்றாள் சங்கிலியம்மாள் அக்கா. “கல்லு எங்கனயாச்சும் கரையுமா?”

“இது கல்லாகி முடியாத களி அக்கா. காஞ்சு இருக்கிறவரைக்கும்தான் நிக்கும். தண்ணி பட்டா சேறாப் போயிரும்.”

அந்தப் பட்டை இருந்த இரண்டு பெட்டிகளையும் தேடினாள். முதல் துளையின் பெட்டியில் வெறும் குழம்புதான் இருந்தது. மற்றதில் ஒரு பக்கப் பலகை பெயர்ந்து, உள்ளே இருந்தது தரைச் சேற்றோடு கலந்திருந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளிப் பார்த்தாள். சுண்ணாம்புக் கட்டிகள் நாலைந்து கிடைத்தன. அவற்றை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தனியாகக் கிடக்கிற கட்டி எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதை அவளே பிறகு சொன்னாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு அவளோடு நானும் போனேன். மாமாவுக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள். வெள்ளம் வந்தது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இடது கையால் மாஸ்க்கை விலக்கி “கல்லு?” என்றார். அந்த ஒரு சொல் தெளிவாக வந்தது.

“பத்திரமா இருக்குப்பா. அங்கனல்லாம் தண்ணி வரல.”

அவர் தலையை ஆட்டினார். அவள் நகக்கண்களில் சாம்பல் சேறு ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் இறந்துவிட்டார்.

ஜாய்ஸ் வந்து காரியமெல்லாம் முடிந்து திரும்பிப்போன பிறகு, இவாஞ்சலின் என்னை அரியலூருக்குக் கூப்பிட்டாள். துளை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் சுரங்கத்தின் சுவரில் அதே களி அடுக்கு வெளியே தெரிந்ததாம். அங்கே அந்தப் பட்டையைத் தேடிப்பிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. பஸ் மாறி மாறிப் போனோம். அங்கே சுவர் என்று எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல் தீர்ந்ததும் அந்தப் பகுதியைக் கைவிட்டிருந்தார்கள். பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர். சரிவெல்லாம் கழிவு மண் கொட்டி, அதன்மேல் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. அவள் விளிம்பில் ரொம்ப நேரம் நின்றாள்.

“இந்தத் தண்ணிக்கு அடியில இருக்கும்ல?” என்றேன்.

“இருந்துச்சுன்னா சேறா இருக்கும்.”

திரும்பும்போது பஸ்ஸில் அவள் அழுதாள். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா, கல்யாண வயதில் இருக்கிற பெண் என்று நினைத்தார்களோ என்னவோ, “எல்லாம் சரியாப் போயிரும்மா” என்றார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது.

மறுபடி துளை போட யாரும் முன்வரவில்லை. சுந்தரலிங்கம் சார் ஓய்வு பெற்றிருந்தார். “இருக்கிற போட்டோவை வச்சு ஒரு கட்டுரை அனுப்பிப் பாரும்மா. அதுக்கு மேல நம்ம கையில ஒண்ணுமில்ல” என்றார். அனுப்பினாள். ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. படத்தில் மங்கலாகத் தெரிகிற கோடுகள் கடல் உயிர்களின் வளையாகவே இருக்கக்கூடும், மாதிரியைக் காட்டினால் பரிசீலிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இன்னொரு இதழுக்கு அனுப்பினாள். அவர்களும் அதையேதான் கேட்டார்கள். முனைவர் பட்டத்துக்கான காலக்கெடுவும் இதற்குள் முடிந்துபோனது. நீட்டிக்கக் கேட்கலாமே என்றேன். எதை வைத்து என்றாள்.

இப்போது அவள் பிழைப்பு தண்ணீர் பார்ப்பது. போர் போடுவதற்கு முன்னால் நிலத்தில் கம்பிகளை நட்டு, கரன்ட் செலுத்தி, அடியில் பாறை எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்வாள். கம்பம், சின்னமனூர், தேவாரம் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கூப்பிடுகிறார்கள். இங்கே பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் இல்லை. பெரும்பாலும் இல்லை. இல்லை என்று சொல்கிற ஆளை யாருக்கும் பிடிப்பதில்லை.

போன மாசி மாதம், அரியலூர் அடுக்குகளைப் பற்றி வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை வந்தது. அவள் ஆராய்ந்த துளைகளுக்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகத் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே களி இடைவெளியே இல்லாமல் தொடர்கிறது; அந்தக் காலம் முழுக்கக் கடல் அங்கேயே நின்றது என்று முடித்திருந்தார்கள். கட்டுரை வந்த மறுநாள் நான் அவளோடு பொட்டிப்புரம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். கடைக்கு லீவு, சும்மா கூடப் போயிருந்தேன். அவள் போனில் அதைத் திறந்து என்னிடம் நீட்டினாள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. என்னவென்று அவளே சொன்னாள்.

“ஒன் எடம் வேற, அவுக எடம் வேறல்ல?” என்றேன். “நீ எழுதிப் போடு. நான் பாத்தேன்னு எழுது.”

“எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு வரி எழுதினதும் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“நான் வேரைப் பாத்தேனா, வேரா இருக்கணும்னு ஆசைப்பட்டுப் பாத்தேனான்னு எனக்கே இப்பத் தெரியல சொர்ணா. மொதல்ல கண்ண மூடினா அந்தக் கோடு அப்படியே தெரியும். கீழ போகப்போக மெலிஞ்சு போகும். இப்பல்லாம் சில நாளு மெலியாமயே தெரியுது. வளை மாதிரி.”

நான் பார்த்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். கறுப்புக் கோடு பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அது மெலிந்ததா, கிளை பிரிந்ததா, அவள் சொல்லித்தான் அப்படி நினைத்தேனா என்று எனக்கும் நிச்சயமில்லை. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

தோட்டத்துக்காரர் சுருளி, அவள் வேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே போர் போடுகிற ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வண்டி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. துளையிலிருந்து வெள்ளைத் தூசி புகையாக எழும்பி, பக்கத்துத் தென்னை மட்டைகளில் படிந்தது. சுருளி தலைத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“ஏம்மா, இன்னும் ஒரு நூறு அடி எறக்கிப் பாத்தா?”

“பாறை இறுக்கமா இருக்குண்ணே. வராது. நிப்பாட்டிருங்க.”

“ரிக்காரக ஈரம் வருதுன்னு சொல்றாகளே.”

“வரலைண்ணே.”

அவர் திரும்பிப் போய், ரிக் மேல் நின்ற ஆளுக்குக் கையைக் காட்டினார். இன்னொரு குழாயை மாட்டினார்கள்.